காரின் றேடியேற்றர் ஹோஸ்களை வீட்டிலேயே மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சிறிய கார் ஒன்றை வைத்திருந்து, பொனற்றைத் திறந்து பார்க்கத் தயங்காத ஒருவர், றேடியேற்றரின் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் வீட்டு முற்றத்தில் தாமே மாற்றிக்கொள்ளலாம். இறப்பர் குழாயைக் கழற்றிப் பூட்டுவது இவ்வேலையின் சிறு பகுதிதான். எந்தத் தண்ணீரை உள்ளே விடுகிறோம் என்பதும், சிக்கிய காற்றை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதுமே பெரும் பகுதி. ஆகவே கீழே வரும் விடைகளில் நீளமானவை அவ்விரண்டையும் பற்றியவையாகவே இருக்கும்.

இந்த ஹோஸ்கள் செய்யும் வேலை என்ன?

பெரும்பாலான கார்களில், எஞ்சினுக்குள் சூடாகிய நீர் மேல் ஹோஸ் வழியாக றேடியேற்றருக்குச் சென்று, அங்கே காற்றுப்பட்டு ஆறி, கீழ் ஹோஸ் வழியாக வோட்டர் பம்பினால் மீண்டும் எஞ்சினுக்குள் இழுக்கப்படுகிறது. எஞ்சின் தன் தாங்கிகளின்மேல் அதிர்ந்து ஆடுவதாலும் றேடியேற்றர் காரின் உடலோடு இறுக்கப்பட்டிருப்பதாலும் இரண்டையும் இணைக்கும் குழாய் வளைந்து கொடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். அதனாலேயே அது நடுவில் இழை வைத்த இறப்பரால் செய்யப்படுகிறது. றேடியேற்றர் மூடி உள்ளழுத்தத்தைப் பொதுவாக 0.9 முதல் 1.1 பார் வரை தாங்கி நிற்பதால், சாதாரணமாக 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் ஏறத்தாழ 120 பாகையிலேயே கொதிக்கும். அந்த அழுத்தம் முழுவதையும் நாளாந்தம் தாங்குவது இந்த இறப்பர்தான்.

மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை எவ்வாறு அறிவது?

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஹோஸைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்திப் பார்ப்பதே முதற் சோதனை. நடுப்பகுதியை மட்டும் அழுத்திவிட்டுத் திருப்தியடைவோர் பலர். ஆனால் சிதைவு பெரும்பாலும் முனைகளிலேயே தொடங்குகிறது. ஹோஸ் ஏறியிருக்கும் உலோகக் கழுத்தும், கூலன்றும் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரோடு கலந்து விடும் திரவம்), இறப்பரிலுள்ள கரியும் சேர்ந்து மிகச் சிறியதொரு மின்கலமாக இயங்குவதால், கிளிப்புக்கு அருகே உட்பக்கத்தில் நுண்ணிய வெடிப்புகள் நீளவாக்கில் உண்டாகின்றன; வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே அவை உள்ளிழை வரை சென்றுவிடுகின்றன. ஆகவே இரு முனைகளிலிருந்தும் ஐந்து சென்ரிமீற்றர் வரையுள்ள பகுதியைத் தனியாக அழுத்திப் பார்த்து, நடுப்பகுதியைவிட அது மெதுமையாக இருந்தாலோ, உள்ளே பள்ளங்கள் தட்டுப்பட்டாலோ, மாற்ற முடிவு செய்துவிடலாம்.

மற்ற அறிகுறிகள் கண்ணுக்கே தெரியும். வீக்கம், மேற்பரப்பு வெடிப்பு, அழுத்தும்போது நொறுங்கும் ஓசை, கிளிப்பைச் சுற்றி வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் படிந்த உப்பு ஆகியன அவற்றுட் சில. ஓரிடம் மட்டும் ஊதிப் பிசுபிசுப்பாக இருந்தால் அங்கே எஞ்சின் எண்ணெய் சொட்டுகிறது என்பது பொருள். அந்தக் கசிவை நிறுத்தாமல் புது ஹோஸ் பூட்டுவது பணத்தை வீணாக்குவதாகும். இரவில் ஆறிய பின் ஹோஸ் உள்ளிழுக்கப்பட்டுத் தட்டையாகக் கிடந்தால், குற்றம் பெரும்பாலும் ஹோஸில் இல்லை. மூடியிலுள்ள சிறிய உள்வாங்கும் வால்வையும், மேலதிக நீர்த் தாங்கிக்குச் செல்லும் மெல்லிய குழாயையும் பார்க்கவேண்டும்.

வயதைக் கணக்கிடும்போது ஒரு தவறு எளிதில் நேர்கிறது. ஜப்பானில் ஓடிய பின் இங்கு வந்த கார்களுக்கு இலங்கையில் பதிவு செய்த ஆண்டைக் கணக்கில் எடுப்பவர்கள் உண்டு. ஹோஸின் வயது கார் உற்பத்தியான ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை இருந்த கார்களையே எல்லோரும் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதால், பத்தாண்டைக் கடந்த மூல ஹோஸ்கள் இன்று நம் வீதிகளில் அரிதல்ல. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்தைக் கடந்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதும் நல்லது என்பது என் கருத்து.

ஒன்று மட்டும் பழுதாகியிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதும்; ஆனால் சிக்கனமன்று. இரண்டுக்கும் ஒரே வயது, இரண்டுக்காகவும் கூலன்றை வடித்தே ஆகவேண்டும். வடித்த கையோடு மூடியையும் மாற்றுவது நன்று. தேமோஸ்ரற் (எஞ்சின் சூடேறும் வரை நீரை றேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் வால்வு) பழையதாயிருந்து கைக்கு எட்டும் இடத்திலும் இருந்தால், அதையும் அதன் இறப்பர் வளையத்தோடு சேர்த்து மாற்றலாம்.

பொருட்களை எப்படித் தெரிவு செய்வது?

காரின் மொடல் குறியீட்டையும் சஸி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்குச் செல்லுங்கள். ஒரே பெயருள்ள காரின் இரு தலைமுறைகளுக்கு ஹோஸின் வளைவு வேறுபடும். நகரத்துக் கடைகளில் இல்லையென்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள். அப்படி வரவழைப்பதானால் பழைய ஹோஸின் படத்தையும் உள்விட்டத்தையும் சேர்த்து அனுப்புவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

அச்சில் வார்த்து வளைவோடு வரும் ஹோஸையே வாங்கவேண்டும். எதற்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நெளிவுக் குழாய் அவசரத்துக்கு உதவலாம்; நிரந்தரமாக அது கிடப்பதற்கில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயோ பெற்றோல் குழாயோ இதற்கு உதவாது. கழற்றி எடுத்த பாவித்த ஹோஸ் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மற்ற உதிரிப்பாகங்களில் பாவித்த ஜப்பான் பொருள் சில வேளைகளில் புதிய போலியைவிடச் சிறந்ததாக இருக்கும். ஆனால் இறப்பருக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

எஞ்சின் எவ்வளவு நேரம் ஆறவேண்டும்?

முதல் நாள் இரவே நிறுத்திவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தொடங்குவதுதான் பாதுகாப்பானது. மத்தியான வெயிலில் ஓடிவந்து நிறுத்திய கார் இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னும் உள்ளே சூடாகவே இருக்கும். சூடான மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று நீங்க, அதுவரை கொதிக்காமல் இருந்த நீர் ஒரு கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்வோரை நம்பவேண்டாம்.

பழைய ஹோஸ்களைக் கழற்றும் முறை என்ன?

சமதரையில் நிறுத்திக் கைத்தடையைப் போட்ட பின், பற்றறியின் மறை முனையைக் கழற்றுங்கள். சில கார்களில் சாவி எடுத்த பின்னும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். அதன் பின் உள்ளிருக்கும் ஹோஸ்களையும் கிளிப்புகளின் திசையையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். றேடியேற்றரின் அடியில் நீரை வடிப்பதற்கான திருகடைப்பான் ஒன்று இருக்கும். அது பிளாஸ்ரிக்காக இருந்தால் முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது. பழைய கார்களில் அது உடைந்துவிட்டால் ஹோஸ் மாற்ற இறங்கிய வேலை றேடியேற்றர் மாற்றும் வேலையாகிவிடும். அசையவில்லையென்றால் அதை விட்டுவிட்டு, கீழ் ஹோஸின் முனையைக் கழற்றியே வடிக்கலாம். வடிவதை அகன்ற பாத்திரமொன்றில் பிடித்து அளந்து, எத்தனை லீற்றர் என்று குறித்து வையுங்கள். அந்த எண் பின்னர் மிகவும் பயன்படும்.

மூல கிளிப்புகள் பெரும்பாலும் வில் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் இரு காதுகளையும் குறட்டால் நெருக்கி, ஹோஸின் நடுப்பக்கமாக நகர்த்தவேண்டும். அதன் பின் ஹோஸை இழுக்காமல், முதலில் இரு பக்கமும் முறுக்கி ஒட்டை விடுவிக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த ஹோஸ் முறுக்கியும் அசையாதபோது ஸ்குறூட்றைவரை உள்ளே செருகி நெம்புவதுதான் பலருடைய முதல் எண்ணம். அதுவே றேடியேற்றரின் பிளாஸ்ரிக் கழுத்தை உடைக்கும் வழியும் ஆகும். எப்படியும் எறியப்போகும் ஹோஸ் ஆதலால், கூரான கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுத்துவிடலாம். கத்தி கழுத்தில் கோடு போடாதபடி கடைசிப் படலத்தைக் கையால் கிழிப்பது நல்லது, ஏனெனில் அந்தக் கோட்டின் வழியாகவே பின்னர் நீர் கசியும்.

கழுத்துகளில் படிந்திருக்கும் வெண்படிவையும் இறப்பர் துணுக்குகளையும் மெல்லிய மண்தாளால் நீக்கி, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். புது ஹோஸ் கசிகிறது என்ற முறைப்பாடுகளிற் பலவற்றுக்கு இந்தச் சுத்தம் விடுபட்டதே காரணம்.

புதிய ஹோஸைப் பூட்டும்போது எவற்றைக் கவனிக்கவேண்டும்?

கிளிப்புகளை முதலில் ஹோஸில் கோர்த்துக்கொள்ளுங்கள். ஹோஸ் எளிதில் ஏறுவதற்கு உள்முனையைக் கூலன்றால் நனைத்தால் போதும். எண்ணெயும் கிறீஸும் இறப்பரை ஊதச் செய்யும். ஹோஸில் வெள்ளைக் கோடோ புள்ளியோ இருந்தால், அது கழுத்திலுள்ள அடையாளத்துக்கு நேரே வரவேண்டும். கழுத்தின் ஓரத்தில் வளையமாகச் சிறிய மேடொன்று இருக்கும். கிளிப் அந்த மேட்டுக்கு அப்பால், எஞ்சின் பக்கமாகவோ றேடியேற்றர் பக்கமாகவோ உள்ளே தள்ளி இருக்கவேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் இன்று நிற்கும், அழுத்தம் ஏறும் நாளில் வழுக்கி வெளியே வரும்.

வில் கிளிப் துருப்பிடிக்காமல் இருந்தால் அதையே மீண்டும் போடலாம் என்பதே என் விருப்பம். சூட்டில் இறப்பர் விரிந்தாலும் ஆறிச் சுருங்கினாலும் அது ஒரே அளவாக இறுக்கிக்கொண்டிருக்கும். திருகு கிளிப் போடுவதானால் இறப்பர் துளைகளின் வழியே பிதுங்கும் வரை முறுக்காமல், முதல் ஓட்டத்தின் பின் ஆறவிட்டு ஒருமுறை சரிபார்க்கவேண்டும். பசை எதுவும் தேவையில்லை. ஹோஸ் மின்விசிறியிலோ பெல்ற்றிலோ உரசாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்த பின்பே தண்ணீரைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை விடலாமா? குடிப்பதற்கே நல்ல தண்ணீர்.

கூடாது. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லினூடே இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையை அறியாத வீடு இங்கே இல்லை. அதே படை எஞ்சினுக்குள் மிகவும் சூடான இடத்தில், அதாவது சிலிண்டர் தலையின் நீர்வழிகளில், முதலில் படிகிறது. பின்னர் றேடியேற்றரின் ஒடுங்கிய குழல்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. தண்ணீர் அளவு சரியாக இருந்தும் கார் சூடேறுகிறது என்று கராஜுக்கு வரும் வாகனங்கள் பலவற்றின் நோய் இதுதான்.

சுவையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. நன்னீர்க் கிணறு என்பது உப்புக் கரிக்காத கிணறு. அதில் சுண்ணாம்பு குறைவு என்று பொருளில்லை. தீவகத்திலும் கரையோரத்திலும் சில கிணறுகளில் கடலுப்பும் சேர்ந்திருக்கும். அது இன்னும் கெடுதல், ஏனெனில் குளோரைட்டு அலுமினியத்தில் ஊசித்துளை போன்ற அரிப்பை உண்டாக்கும். கொதிக்கவைத்து ஆறவிட்டால் கடினத்தன்மையின் ஒரு பகுதி படிவாக நீங்கும். மீதிக் கடினமும் உப்பும் அப்படியே இருக்கும். துணியில் வடிகட்டுவதால் தூசு மட்டுமே போகும்.

வயதானவர்கள் ஒரு நியாயமான மறுப்பைச் சொல்வார்கள்: அந்தக் காலத்து ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் கிணற்றுத் தண்ணீரில்தானே ஓடின, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில்கூட ஓடினவே என்பது அது. உண்மைதான். ஆனால் அந்தக் கார்களின் எஞ்சின் வார்ப்பிரும்பு, றேடியேற்றர் செம்பும் பித்தளையும். அடைத்துக்கொண்டால் கழற்றிக் குத்திச் சுத்தம் செய்து ஈயம் பற்றவைக்கும் கைவினைஞர்களும் இருந்தார்கள். இன்றைய றேடியேற்றர் மெல்லிய அலுமினியத் தகடும் இரு பக்கமும் பிளாஸ்ரிக் தொட்டியுமாக இருக்கிறது. அதைத் திருத்துவது குறைவு, எறிந்துவிட்டுப் புதிது பூட்டுவதே வழக்கம்.

பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரே சரியானது. அமிலம் கலந்த பற்றறித் திரவத்தைத் தவறுதலாக வாங்கிவிடாமல் போத்தலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கலந்தே விற்கப்படும் கூலன்றை வாங்கினால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின், ஐப்பசி கார்த்திகை மாரியில் நேரடியாகப் பிடித்த மழைநீர், வேறு வழியில்லாதபோது கிணற்றுநீரைவிட எவ்வளவோ மேல்.

குளிரே இல்லாத யாழ்ப்பாணத்தில் கூலன்ற் எதற்கு?

உறைவதைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் அலுமினியத்தையும் பம்பின் கசிவுத் தடுப்பு வளையத்தையும் காக்கின்றன. கூலன்றின் மூலப்பொருளான கிளைக்கோல் கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது. எனினும் நீர் கலக்காத செறிவான கூலன்றை முழுவதுமாக விடுவது தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கிளைக்கோலைவிட வல்லது. சரிபாதிக் கலவை பொதுவான அளவு.

நிறம் ஒன்றாக இருந்தால் இரு வகைக் கூலன்றைக் கலக்கலாமா?

நிறம் என்பது சாயம் மட்டுமே. அதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. காரின் கையேட்டில் குறிப்பிட்ட வகையையே விடுங்கள். உள்ளே இருந்தது எதுவென்று தெரியாவிட்டால், காய்ச்சி வடித்த நீரால் அலசி வடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

காற்றை எவ்வாறு வெளியேற்றுவது?

இந்த வேலையில் பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். காற்றுக்குமிழி சிலிண்டர் தலையில் சிக்கினால் அந்த இடத்தில் நீர் தொடாது. வெப்ப உணரியைச் சுற்றிலும் காற்றே நின்றால், எஞ்சின் சூடாகியும் டாஷ்போட்டில் எச்சரிக்கை வராமல் போகலாம்.

முன்சக்கரங்கள் சற்று உயர்ந்திருக்கும்படி காரைச் சரிவில் நிறுத்தினால், நிரப்பும் வாய் உச்சியில் வரும். பற்றறியை மீண்டும் இணைத்து, ஹீற்றர் உள்ள காரானால் அதை முழுச் சூட்டில் வையுங்கள். அப்போது அதன் சிறு குழாய்களிலும் நீர் ஓடும். கூலன்றை மெல்லிய தாரையாக ஊற்றி, இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி விடுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், மீண்டும் ஊற்றவேண்டும். காற்று வெளியேற்றும் திருகாணி இருந்தால், அதைத் தளர்த்தி, குமிழியின்றி நீர் வரும் வரை வைத்து இறுக்குங்கள்.

வாய் நிறைந்த பின் மூடியைப் போடாமலே எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். தேமோஸ்ரற் பெரும்பாலும் 82 முதல் 88 பாகைக்குள் திறக்கும். அது திறந்ததும் மேல் ஹோஸ் சட்டெனச் சூடாகும், வாயிலுள்ள நீர் மட்டம் திடீரென்று இறங்கும். அப்போது ஊற்றி நிரப்புங்கள். முகத்தை வாய்க்கு நேரே நீட்டாமல் விலகி நிற்கவேண்டும், ஏனெனில் குமிழி வெளிவரும்போது சூடான நீரும் பொங்கி வரும். விசிறி ஒருமுறை ஓடி நின்று, குமிழிகளும் அடங்கிய பின் மூடியைப் பூட்டி, மேலதிக நீர்த் தாங்கியை இரு கோடுகளுக்கும் இடையில் நிரப்பலாம். றேடியேற்றரில் மூடியே இல்லாமல் தாங்கியில் மட்டும் அழுத்த மூடி உள்ள கார்களுக்கு வழிமுறை வேறு. அவற்றுக்குக் கையேட்டையே பின்பற்றவேண்டும்.

இப்போது முன்னர் குறித்த எண்ணைப் பாருங்கள். நான்கு லீற்றர் வடித்த இடத்தில் மூன்றுதான் உள்ளே போயிருக்கிறது என்றால், மீதி ஒரு லீற்றர் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. பருத்தித்துறை வரை ஓடிவந்து, இரவு முழுதும் ஆறவிட்டு, காலையில் மீண்டும் மட்டத்தைப் பார்த்த பின்பே கொழும்புப் பயணத்துக்கு அந்தக் காரை எடுக்கவேண்டும்.

மாற்றிய பின் சூடேறுகிறதே?

முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். அடுத்து, வேலையின்போது விசிறியின் மின்னிணைப்பு கழன்றிருக்கிறதா, ஹோஸ் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல சிறு கார்களில் வெப்பமானியே இல்லை. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உண்டு, சிவப்பு எரிந்தால் உடனே நிறுத்தவேண்டும். எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தாலோ, புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வந்தாலோ, அது வீட்டு முற்றத்தில் தீரும் விடயமன்று.

நெடுந்தூரப் பயணத்தில் ஹோஸ் வெடித்தால் என்ன செய்வது?

ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் இடைப்பட்ட வெளியில் நிழலே கிடையாது; எனினும், இன்னும் ஒரு மைல்தானே என்று ஓட்டக் கூடாது. நீரின்றி ஓடும் சில நிமிடங்களில் சிலிண்டர் தலை வளைந்துவிடும். நிறுத்தி, ஆறவிட்டு, வெடிப்பு முனைக்கு அருகில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, நீளம் போதுமானால் மீண்டும் பூட்டலாம். நடுவில் என்றால் துடைத்து உலர்த்தி, தானாக ஒட்டும் சிலிக்கோன் ரேப்பை இழுத்துச் சுற்றி, மூடியை முழுவதும் இறுக்காமல் மெதுவாக அடுத்த ஊர் வரை செல்லலாம். அப்போது கிடைக்கும் எந்தத் தண்ணீரையும் விடலாம், கிணற்றுநீரானாலும் சரி. வீடு திரும்பியதும் அலசி வடித்துவிடவேண்டும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எல்லோரும் எப்படியும் நிறுத்துகிறோம். அந்த நேரத்தில் மூடியைத் திறக்காமல், பொனற்றை மட்டும் தூக்கி ஹோஸ் முனைகளில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளையாருக்கும் உதவியாக இருக்கும்.

ஹைபிரிட் காருக்கும் இதே முறைதானா?

இல்லை. பல ஹைபிரிட் கார்களில், மோட்டருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டருக்கென்று தனி நீர்ச்சுற்று உண்டு. சில வகைகளில் எஞ்சினின் பம்பும் மின்சாரத்தில் இயங்குவதால், காற்றை வெளியேற்றக் கணினிக் கருவி தேவைப்படலாம். அவற்றைப் பழகியவரிடம் கொடுங்கள்.

வடித்த பழைய கூலன்றை எங்கே ஊற்றுவது?

முற்றத்திலும் வேண்டாம், மலக்குழியிலும் வேண்டாம், வாழையடியிலும் வேண்டாம். வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் ஊற்றியது வெகு விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். அந்த நீர்தான் உங்களுடைய கிணற்றிலும் அயல்வீட்டுக் கிணற்றிலும் இருப்பது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினைக்குப் பின், இதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. திறந்த பாத்திரத்தில் விட்டால் நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் குடிக்கலாம். யாராவது குடித்ததாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வடித்ததை இறுக மூடும் கொள்கலனில் ஊற்றி, குளிர்பானப் போத்தலில் மட்டும் ஊற்றாமல், வெளியே பெயர் எழுதி, கழிவெண்ணெய் சேகரிக்கும் கராஜ் ஒன்றில் ஏற்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள். எண்ணெயோடு கலக்காமல் தனியாகக் கொடுத்தால் ஏற்பது எளிது.

கழற்றிய ஹோஸ்களை வைத்திருப்பதில் பயன் உண்டா?

கீறாமல் முழுதாகக் கழன்று, முனைகளும் உறுதியாக இருந்தால், கழுவி உலர்த்தி இரண்டு திருகு கிளிப்புகளோடு டிக்கியில் போட்டு வைக்கலாம். இல்லையென்றால் உள்ளூராட்சிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்; வளவில் சருகோடு சேர்த்து எரிக்கக் கூடாது.